வேட்டை விலங்குகள் நடமாடும் நிலத்தில் செம்மறி ஆடு வளர்ப்பது எப்படி

செம்மறி ஆட்டுக்குத் தெரிந்த தற்காப்பு, ஆபத்தை உணர்ந்ததும் மந்தையோடு ஒட்டிக்கொண்டு ஓடுவது மட்டுமே. செங்குத்தான பாறைச் சரிவுகளில் ஏறித் தப்பிய அதன் காட்டு மூதாதைக்கு அது போதுமானதாக இருந்தது. அதைச் சமவெளி மேய்ச்சலுக்கும் நான்கு பக்கமும் அடைத்த பட்டிக்கும் நாம் கொண்டுவந்துவிட்ட பிறகு, ஓட இடமில்லாத அந்த ஆட்டைக் காக்கும் பொறுப்பு முழுவதும் வளர்ப்பவருடையதாகிவிட்டது.

வேட்டை விலங்கு எப்படி முடிவெடுக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் இந்தப் பொறுப்பு எளிதாகும். ஓநாயோ சிறுத்தையோ வேட்டையின்போது கால் ஒடிந்தாலோ பல் உடைந்தாலோ பின்னர் இரை பிடிக்க முடியாமல் பட்டினியால் சாக நேரும். ஆகவே அது எப்போதும் குறைந்த உழைப்பில், குறைந்த ஆபத்தில் கிடைக்கும் இரையையே நாடுகிறது. நம் மந்தையை நெருங்குவது சிரமமும் ஆபத்தும் நிறைந்தது என்று அது கற்றுக்கொள்ளும்படி செய்வதுதான் கீழே சொல்லப்படும் எல்லா முறைகளின் நோக்கமும். எந்தக் கருவிக்கும் அந்த விலங்கு நாளடைவில் பழகிவிடும் என்பதால், ஒரே முறையை நம்பியிருப்பவர் சில மாதங்களில் ஏமாறுவார். பல முறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்து, அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருப்பவருடைய மந்தைதான் தப்பும்.

எது வருகிறது என்று கண்டறிதல்

பட்டியில் ஓர் ஆடு செத்துக் கிடந்தால், அதை வேட்டை விலங்குதான் கொன்றது என்று உடனே முடிவு செய்யக் கூடாது. பெரும்பாலான மந்தைகளில் நோய், குட்டி ஈனும்போது ஏற்படும் சிக்கல், குளிர், பட்டினி ஆகியவற்றால் சாகும் ஆடுகளே அதிகம். அப்படிச் செத்ததை நரியும் கழுகும் பின்னர் வந்து தின்றிருக்கலாம். சடலத்தைத் தொடுவதற்கு முன் கையுறை அணிந்துகொள்ளுங்கள். மூக்கு, வாய், ஆசனவாய் வழியாகக் கருத்த, உறையாத இரத்தம் வடிந்திருந்தால் அது அடைப்பான் எனப்படும் ஆந்த்ராக்ஸ் நோயாக இருக்கலாம். அந்தச் சடலத்தை எக்காரணம் கொண்டும் அறுக்காமல் கால்நடை மருத்துவருக்குத் தகவல் கொடுங்கள்.

அந்த அறிகுறி இல்லையென்றால், கழுத்துப் பகுதித் தோலை மெல்ல உரித்துப் பாருங்கள். உயிரோடிருக்கும்போது கடிபட்ட ஆட்டில், பல் பதிந்த இடத்தைச் சுற்றித் தோலுக்கு அடியிலும் சதையிலும் இரத்தம் கட்டி, கருஞ்சிவப்பாகத் தெரியும். செத்த பின் தின்னப்பட்ட ஆட்டில் துளைகள் இருக்கும், ஆனால் சுற்றிலும் இரத்தக்கட்டு இருக்காது. இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பெரும்பூனை இனங்கள் பொதுவாகத் தொண்டையிலோ பிடரியிலோ ஆழமாகக் கவ்வி, சில தெளிவான துளைகளை மட்டும் விட்டு, இரையை மறைவிடத்துக்கு இழுத்துச் செல்லும். கழுகு பிடித்த குட்டியின் முதுகிலோ தலையிலோ நகத் துளைகள் ஆழமாகத் தெரியும். காது கிழிந்து, பின்னங்கால்களும் விலாவும் கண்டபடி குதறப்பட்டு, பல ஆடுகள் காயத்தோடு தப்பியிருந்து, எதுவும் பெரிதாகத் தின்னப்படாமல் இருந்தால், வந்தது பெரும்பாலும் காட்டு விலங்கு அல்ல, யாரோ அவிழ்த்துவிட்ட வீட்டு நாய் அல்லது தெருநாய். இந்த வகை இழப்புக்கு ஓநாயைக் குற்றம் சாட்டிவிட்டு, காரணமான நாய்களை அப்படியே விட்டுவிடுகிற பண்ணைகள் ஏராளம்.

பிறந்த குட்டி செத்துக் கிடந்தால் குளம்பைப் பாருங்கள். கருவில் இருக்கும்போது குளம்பின் நுனியை மென்மையான, வெளிறிய உறை மூடியிருக்கும். குட்டி எழுந்து நடந்ததும் அது தேய்ந்துவிடும். உறை தேயாமல் இருந்தால் அந்தக் குட்டி நடக்கவே இல்லை என்று பொருள். நுரையீரலில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டால், மூச்சு விட்டிருந்த குட்டியின் நுரையீரல் மிதக்கும், மூச்சே விடாததன் நுரையீரல் மூழ்கும். இரைப்பையில் தயிர்போல உறைந்த பால் இருந்தால், தாய் அதற்குப் பால் கொடுத்திருக்கிறது. நடக்கவும் இல்லை, மூச்சும் விடவில்லை என்றால் கோளாறு பிரசவத்தில்தான் இருக்கிறது, வேலியில் இல்லை.

இரவுப் பட்டி

கைக்கு எட்டும் செலவில் மிகுந்த பலன் தருவது உறுதியான இரவுப் பட்டிதான் என்பது என் உறுதியான கருத்து; வேறு எதற்குப் பணம் இல்லாவிட்டாலும் இதற்கு ஒதுக்குங்கள். அரைகுறையாகக் கட்டிய பட்டி, பட்டியே இல்லாததைவிட மோசமானது. திறந்த வெளியில் சிறுத்தை ஓர் ஆட்டைப் பிடித்ததும் மற்றவை சிதறி ஓடிவிடும். அடைத்த இடத்திலோ கண்முன்னே ஆடுகள் ஓடிக்கொண்டே இருப்பதால் அதன் கொல்லும் உணர்வு அடங்குவதில்லை, ஒரே இரவில் பட்டியில் பாதி அழிந்துவிடுகிறது. இமயமலைப் பகுதிகளில் பனிச்சிறுத்தையால் ஏற்படும் பெருஞ்சாவுகள் பெரும்பாலும் இப்படித் தாழ்வான சுவருள்ள கற்பட்டிகளில்தான் நிகழ்கின்றன. லடாக்கில் அத்தகைய பட்டிகளுக்கு மேலே கம்பி வலைக் கூரையும் இறுக்கமாக மூடும் கதவும் பொருத்தும் பணியைப் பனிச்சிறுத்தைப் பாதுகாப்பில் ஈடுபட்டவர்கள் ஊர் மக்களோடு சேர்ந்து செய்துவருவதற்கு இதுதான் காரணம்.

நாய் இனத்தைச் சேர்ந்த விலங்குகள் வேலிக்கு அடியில் தோண்டி நுழையும். பூனை இனங்கள் மேலே ஏறியோ தாவியோ வரும். உங்கள் பகுதியில் உள்ளவை ஓநாயும் நரியும் மட்டும் என்றால் சுமார் 2 மீட்டர் உயரச் சுற்றுவேலி போதும், ஆனால் அதன் அடியிலிருந்து வெளிப்புறமாக அரை மீட்டருக்குக் குறையாத அகலத்தில் கம்பி வலையைத் தரையோடு படுக்க வைத்து, மேலே கல்லோ மண்ணோ போட்டு மூட வேண்டும். வேலியோரம் வந்து தோண்டத் தொடங்கும் விலங்கின் காலடியிலேயே வலை கிடப்பதால் அதனால் தோண்ட முடியாது. பின்வாங்கி நின்று தூரத்திலிருந்து தோண்டும் எண்ணம் அவற்றுக்கு அரிதாகவே எழும். சிறுத்தையோ, அமெரிக்கக் கண்டங்களில் வாழும் பெரும்பூனையான பியூமாவோ இருக்கும் இடத்தில் கூரை கட்டாயம். வேலியை ஒட்டிய மரக்கிளைகளையும், ஏறுவதற்கு வசதியாகக் குவித்த வைக்கோலையும் அகற்றிவிடுங்கள். கோழி அடைக்கும் மெல்லிய வலை இந்த வேலைக்கு உதவாது. பற்றவைத்த தடித்த கம்பி வலை வேண்டும்.

கதவுதான் பட்டியின் பலவீனமான பகுதி. காலப்போக்கில் கதவு தொங்கிப்போய், அடியில் ஒரு கையளவு இடைவெளி விழும். நரிக்கு அதுவே போதும். கதவடியில் கல் படியோ தடித்த மரக்கட்டையோ பதித்து, தாழ்ப்பாளை இரண்டு இடங்களில் வையுங்கள். பட்டிக்குள் கூர்மையான மூலைகள் இருந்தால், மிரண்ட ஆடுகள் அங்கே போய்க் குவிந்து, விலங்கு உள்ளே நுழையாமலேயே அடியில் சிக்கியவை மூச்சுத் திணறிச் சாகும். ஆகவே மூலைகளை வளைத்துக் கட்டுங்கள், அல்லது குறுக்கே ஒரு பலகை வைத்து மழுங்கச் செய்யுங்கள். காற்றோட்டம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் சிறுநீரின் காரநெடி தேங்கிய பட்டியில் சிறுத்தைக்குத் தப்பிய ஆடுகள் நுரையீரல் நோய்க்குப் பலியாகும்.

மின்வேலியும் கொடிக்கயிறும்

மேய்ச்சல் நிலத்தில் நிற்கும் மந்தைக்கு மின்வேலி நல்ல துணை. அது விலங்கைக் கொல்வதற்கானது அல்ல. ஏறத்தாழ நொடிக்கு ஒரு முறை மிகக் குறுகிய நேரத்துக்கு அதிர்ச்சி கொடுத்து, மூக்கால் தொட்ட விலங்கை மிரட்டி அனுப்புவது. வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் கொடுப்பது கொலைக்குச் சமம். ஆட்டை மேய்ப்பவரும் வழிப்போக்கரும் யானையும் அதில் சிக்கிச் சாவார்கள். வேலிக்கென்றே தரச்சான்று பெற்ற துடிப்பு மின்கருவியை மட்டும் பயன்படுத்துங்கள். ஓநாயைத் தடுக்க 5 கம்பிகளேனும் வேண்டும். கீழ்க் கம்பி தரையிலிருந்து 20 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது, மேல் கம்பி 110 முதல் 120 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கலாம். வேலியின் கடைசிமுனையிலும் அழுத்தம் 3000 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று சோதனைக் கருவியால் நாள்தோறும் பாருங்கள். புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் அழுத்தம் சரிந்துவிடும். வறண்ட மண்ணில் நிலத்தொடர்பு சரியாக அமையாது என்பதால், மின்கம்பியையும் நிலத்தொடர்புக் கம்பியையும் மாறி மாறி இழுத்துக் கட்டுவது நல்லது.

கிழக்கு ஐரோப்பாவில் ஓநாய் வேட்டைக்காகத் தோன்றிய கொடிக்கயிறு, இப்போது ஓநாயிடமிருந்து ஆட்டைக் காக்கப் பயன்படுகிறது. கயிற்றில் அரை மீட்டருக்கு ஒன்றாகச் சிவப்புத் துணிப் பட்டைகளைத் தைத்து, அவை தரைக்குச் சற்று மேலே காற்றில் ஆடும்படி மந்தையைச் சுற்றிக் கட்டுவார்கள். பழக்கமில்லாத அந்த அசைவைத் தாண்ட ஓநாய் தயங்கும். அந்தத் தயக்கம் சுமார் இரண்டு மாதம்தான் நீடிக்கும் என்று வட அமெரிக்க அனுபவம் காட்டுகிறது. ஆகவே ஆண்டு முழுவதும் கட்டி வைக்காமல், குட்டி ஈனும் பருவம்போன்ற ஆபத்தான வாரங்களுக்கு மட்டும் எடுத்துக் கட்டுங்கள்.

காவல் நாய்

காவல் நாயை வளர்ப்பவர்தான் பெரும்பாலும் அதைக் கெடுப்பவரும். மந்தையை விரட்டி மடக்கும் நாயும் மந்தையோடு தங்கிக் காக்கும் நாயும் வேறு வேறு வகை. முன்னதில் உற்றுப் பார்ப்பதும் பதுங்குவதும் துரத்துவதும் வலுவாக இருக்கும்படி இனத்தேர்வு செய்யப்பட்டிருக்கிறது. பின்னதில் அந்தத் துரத்தும் குணமே மங்கியிருக்க வேண்டும். காங்கல், அனடோலிய ஷெப்பர்ட், மரெம்மா, கிரேட் பிரனீஸ், கொமொண்டோர் போன்றவை இரண்டாம் வகை. அமெரிக்காவின் ஹாம்ப்ஷையர் கல்லூரியில் 1970களின் பிற்பகுதியிலிருந்து இந்த நாய்களை ஆராய்ந்த ரேமண்ட், லோர்னா காப்பிங்கர் இணையர், நல்ல காவல் நாய்க்கு மூன்று குணங்கள் வேண்டும் என்று வகுத்தார்கள்: ஆடுகள் போகும் இடமெல்லாம் கூடவே போகும் கவனம், ஆடுகளுக்குத் தீங்கு செய்யாத நம்பகம், அந்நியமான எதையும் எதிர்க்கும் காவல். இவற்றில் முதல் இரண்டும் பெரும்பாலும் குட்டிப் பருவத்து வளர்ப்பால் வருகின்றன.

நாய்க்குட்டியின் உறவுகள் நிலைபெறுவது முதல் 16 வாரங்களுக்குள். ஆகவே 7 அல்லது 8 வாரக் குட்டியை, வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவராமல், சாதுவான சில ஆடுகள் உள்ள சிறு அடைப்பில் விடுங்கள். அந்த அடைப்பின் ஓர் ஓரத்தில், ஆடு நுழைய முடியாமல் குட்டி மட்டும் நுழையக்கூடிய அளவு இடைவெளியோடு பலகை அடித்து, உள்ளே அதன் படுக்கையையும் உணவையும் வையுங்கள். தொடக்கத்தில் ஆடு முட்டும், குட்டி கத்திக்கொண்டு அந்த மறைவுக்குள் ஓடும்; சில நாட்களில் அது தலையைத் தாழ்த்தி, கண்ணைத் திருப்பிக்கொண்டு, ஆட்டின் வாயருகே முகர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொள்வதைக் காண்பீர்கள். அந்தத் தாழ்ந்த தலைதான் நீங்கள் தேடும் அறிகுறி. வாலை விறைத்து, உற்று நோக்கி, வளைந்து வளைந்து பின்தொடரும் குட்டியைக் கூடுதலாகக் கண்காணியுங்கள்.

இப்படிப்பட்ட நாயை மனிதர் தொடவே கூடாது என்று முன்பு பலர் சொல்லிவந்தார்கள். அது தவறான அறிவுரை. கையில் பிடிபடாத நாய்க்கு ஊசி போட முடியாது, காயத்துக்கு மருந்திட முடியாது, வழியில் வருகிறவரைக் கடித்தால் தடுக்கவும் முடியாது. நாள்தோறும் சில நிமிடங்கள் ஆடுகளுக்கு நடுவிலேயே அதைத் தொட்டு, கழுத்துப்பட்டையும் கயிறும் பழக்குங்கள். விளையாட்டுக்காக வீட்டுக்கு அழைத்துவர மட்டும் செய்யாதீர்கள்.

6 மாதம் முதல் ஒன்றரை வயது வரை பெரும்பாலான நாய்கள் சோதனை தரும். ஆட்டைத் துரத்தி விளையாடும், கம்பளியைப் பிடித்து இழுக்கும், குட்டியின் காதைக் கடிக்கும். இந்தக் கட்டத்தில்தான் பலர் நாய் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி விற்றுவிடுகிறார்கள். அது பெரும்பாலும் பருவத்தின் துள்ளல். உடனே அதட்டி நிறுத்தி, தேவைப்பட்டால் சில வாரம் முட்டக்கூடிய பெரிய கிடாக்களோடு அடைத்து வைத்து, பிறந்த குட்டிகளோடு தனியே விடாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். இரண்டு வயதுக்குப் பின்தான் முழுக் காவலை எதிர்பார்க்க வேண்டும். ஓநாய்க் கூட்டம் உள்ள இடத்தில் ஒற்றை நாயை விடுவது அந்த நாயைப் பலி கொடுப்பதாகும். குறைந்தது இரண்டு, பரந்த மேய்ச்சலில் இன்னும் கூடுதலாக, தொண்டையைக் காக்கும் முள் கழுத்துப்பட்டையோடு விடுங்கள்.

வெறிநாய்க்கடி, டிஸ்டெம்பர் (நாய்களைத் தாக்கும் வைரஸ் நோய்) ஆகியவற்றுக்குத் தடுப்பூசி தவறக் கூடாது, ஏனெனில் நாயிடமிருந்து இந்நோய்கள் காட்டு விலங்குகளுக்கும் பரவி அவற்றையும் அழிக்கின்றன. செத்த ஆட்டின் ஈரலையும் நுரையீரலையும் பச்சையாக நாய்க்குப் போடாதீர்கள். நாடாப்புழு நாய்க்குள் வளர்ந்து, அதன் சாணம் வழியாக மீண்டும் ஆட்டுக்கும், நீர்க்கட்டி நோயாக மனிதருக்கும் வரும். நமீபியாவில் லாரி மார்க்கர் 1990-இல் தொடங்கிய சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம் 1994 முதல் இத்தகைய நாய்களை வளர்த்துப் பண்ணையாளர்களுக்குக் கொடுத்துவருகிறது. ஆட்டு இழப்பு பெருமளவு குறைந்ததாக அவற்றைப் பெற்றவர்கள் சொல்கிறார்கள். ஆடு தப்பியதால் சிவிங்கிப்புலியைச் சுடுவதும் குறைந்தது. ஓர் நாய் இரண்டு உயிரினங்களைக் காப்பதைப் பார்க்கும்போது இந்த முறையின்மீது எனக்குள்ள மதிப்பு கூடுகிறது.

குட்டி ஈனும் பருவம்

செம்மறி ஆட்டின் சினைக்காலம் சுமார் 147 நாள். கிடாவை ஆண்டு முழுவதும் மந்தையோடு விட்டுவைத்தால் ஆண்டு முழுவதும் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குட்டி பிறந்து, நரிக்கும் கழுகுக்கும் நிரந்தர விருந்தாகும். கிடாவை ஐந்தாறு வாரம் மட்டும் சேர்த்துப் பிரித்தால், ஈற்றுகள் அனைத்தும் குறுகிய காலத்துக்குள் அடங்கும், அந்த வாரங்களுக்கு முழுக் கவனத்தையும் கொடுக்க முடியும். ஈனும் ஆடுகளைக் கொட்டகைக்கோ வீட்டை ஒட்டிய சிறு வேலிக்கோ மாற்றி, குட்டிகள் தாயோடு ஓடும் வலு பெறும் வரை அங்கேயே வையுங்கள். நஞ்சுக்கொடியையும் செத்த குட்டிகளையும் அன்றன்றே எடுத்து ஆழப் புதைத்துவிடுங்கள். மந்தைக்கருகில் எளிதாகக் கிடைக்கும் பிணம்தான், அதுவரை ஆட்டை அறியாத விலங்குக்கு ஆட்டின் சுவையைக் கற்றுக்கொடுக்கிறது. டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி ஊசி போட்ட கால்நடையின் சடலத்தை ஒருபோதும் வெளியில் எறியாதீர்கள். அதைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து சாகின்றன.

விளக்கு, ஒலி, கழுதை

மின்னும் விளக்குகள் சில விலங்குகளிடம் மட்டும் பலிக்கும். சிலியின் உயர்நிலத்தில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், விட்டு விட்டு மின்னும் விளக்குகள் பியூமாவை, ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த லாமா, அல்பாக்கா மந்தைகளிலிருந்து விலக்கின, ஆண்டிஸ் மலை நரியை விலக்கவில்லை. விளக்கையும் ஒலிக்கருவியையும் சில நாட்களுக்கு ஒருமுறை இடம் மாற்றி வைத்து, ஆபத்து குறைந்த காலத்தில் அணைத்துவிடுங்கள். கழுதையும் லாமாவும் தனி நரியையோ தெருநாயையோ உதைத்து விரட்டும். ஓநாய்க் கூட்டத்தின் முன்னோ பெரும்பூனையின் முன்னோ அவையே இரையாகும். இவை எல்லாவற்றையும்விட, மந்தையோடு ஆள் தங்குவது வலுவானது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 2008 முதல் ஏழு ஆண்டுகள் நடந்த ஒரு முயற்சியில், மேய்ப்பர்கள், நாய்கள், கொடிக்கயிறு, விளக்கு ஆகியவற்றைச் சேர்த்துப் பயன்படுத்திய பகுதியோடு ஒப்பிட்டால், ஓநாய்களைக் கொல்வதை நம்பியிருந்த பக்கத்துப் பகுதியில் ஆட்டு இழப்பு 3.5 மடங்கு அதிகமாக இருந்தது.

கொல்வது ஏன் அரிதாகவே உதவுகிறது

எல்லை வகுத்து வாழும் ஒரு வேட்டை விலங்கு இணை, உங்கள் ஆடுகளைத் தொடாமல் பழகியிருந்தால், அதுவே உங்களுக்குக் காவல். தன் எல்லைக்குள் வேறு கூட்டத்தை அது அனுமதிக்காது. அந்த இணையைக் கொன்றால், வேட்டையில் தேர்ச்சி இல்லாத இளம் விலங்குகள் அந்த வெற்றிடத்துக்கு வரும், அவற்றுக்கு ஆடுதான் எளிது. வட அமெரிக்காவில் வாழும், ஓநாயைவிடச் சிறிய நாய் இனமான கயோட்டிகளில் இன்னொன்றும் கண்டறியப்பட்டிருக்கிறது: ஆட்டுக்குட்டிகளை மிகுதியாகக் கொல்பவை, தம் குட்டிகளுக்கு இரை தேடும் இணைகளே, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் அறுவை மூலம் கருத்தடை செய்யப்பட்ட இணைகள், எல்லையை விடாமல் காத்துக்கொண்டே, ஆடுகளைக் கொல்வதைப் பெரிதும் குறைத்துக்கொண்டன. நஞ்சு வைப்பதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். அது தேடிய விலங்கை விட்டுவிட்டுக் கழுகையும் உங்கள் காவல் நாயையும் கொல்லும். ஒரு குறிப்பிட்ட விலங்கு எல்லாத் தடைகளையும் மீறித் திரும்பத் திரும்ப வந்தால், அதை வனத்துறையிடம் விட்டுவிடுங்கள். சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

தாக்குதல் நடந்த பின்

முதல் வேலை, சடலத்தையும் காலடித் தடங்களையும் ஓர் அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுப்பது. மழை வந்தாலும் ஆடுகள் மிதித்தாலும் தடம் அழியும் என்பதால், அதிகாரிகள் வரும் வரை ஒரு வாளியைக் கவிழ்த்து மூடி வையுங்கள். இழப்பீடு பெற இந்தச் சான்றுகள் உதவும். காயம்பட்ட ஆடுகளில் கம்பளியை வெட்டிப் பார்க்காமல் துளைகள் தெரியாது; சிறு துளைக்கு அடியில் சதை நசுங்கிச் சீழ் பிடிக்கும் என்பதால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

சான்று எடுத்து முடிந்ததும் சடலத்தை அன்று மாலைக்குள் அகற்றிப் புதையுங்கள், ஏனெனில் கொன்ற விலங்கு மிச்சத்தைத் தின்ன அதே இரவு திரும்பும். எஞ்சிய ஆடுகளை வேறு பட்டிக்கு மாற்றுங்கள்; மாற்ற இடமில்லை என்றால், அது நுழைந்த வழியை அடைத்து, அந்தப் பக்கத்தில் விளக்கும் நாயும் ஆளுமாகக் குறைந்தது ஒரு வாரம் விழித்திருங்கள். எந்த நாள், என்ன நேரம், எந்த வழி, எந்த வயது ஆடு, காற்று எந்தப் பக்கம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு ஆண்டுக் குறிப்புகள் சேர்ந்தால், எந்த மாதத்தில் எந்தப் பக்க வேலிக்கு ஆள் போட வேண்டும் என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும்.